18446744073709551615: கையாலேயே பிரித்துப் பார்க்கக்கூடிய இருபது இலக்க எண்

கேள்வி இது: கணினியில் அடிக்கடி தலைகாட்டும் 18446744073709551615 பகா எண்ணா, பகு எண்ணா? அதன் காரணிகள் என்ன, வேறு என்ன பண்புகள் உண்டு? இவ்வளவு பெரிய எண்ணைக் கணினி இல்லாமல் ஆராய வழி இருக்கிறதா?

விடையை முதலில் சொல்லிவிடலாம். அது பகு எண். அதன் பகாக் காரணிகள் ஏழு:

3 × 5 × 17 × 257 × 641 × 65537 × 6700417

இந்த ஏழையும் தாளும் பேனாவும் கொண்டு ஒரு மணி நேரத்துக்குள் கண்டுபிடித்துவிடலாம். ஒவ்வொன்றும் பகா எண்தான் என்பதையும் அதே தாளிலேயே நிறுவலாம். இருபது இலக்க எண்கள் எல்லாவற்றுக்கும் இப்படிச் சொல்ல முடியாது. இந்த எண் வசப்படுவதற்குக் காரணம் அது பிறந்த விதம்: 2⁶⁴ − 1. அதைவிட முக்கியம், அடுக்கில் இருக்கும் 64 தானே 2-இன் அடுக்கு என்பது. கீழே வரும் பண்புகளில் பாதிக்கு மேல் இந்த ஒரே காரணத்திலிருந்து வருபவை. ஆகவே இலக்கங்களை முறைத்துப் பார்த்துக்கொண்டிருப்பதில் பயனில்லை. எண் எப்படி உண்டானது என்று பார்க்க வேண்டும்.

அளவைப் பற்றி இரண்டு வரி. நம் முறையில் வாசித்தால் 1,84,467 கோடி கோடிக்குச் சற்று மேல். சதுரங்கப் பலகையின் முதல் கட்டத்தில் ஒரு தானியம், அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் நான்கு என்று 64 கட்டங்களையும் நிரப்பினால் வரும் மொத்தம் இதுதான். சதுரங்கத்தில் தோற்ற அரசன் இந்தக் கணக்கில் அரிசி தர வேண்டிவரும் கேரளத்து அம்பலப்புழைப் பால்பாயசக் கதையில், அவன் கொடுக்க முடியாமல் திணறுவது இந்த எண்ணால்தான். அல்பிரூனி சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இதைச் சரியாகக் கணக்கிட்டு எழுதியிருக்கிறார். 1883-இல் எட்வார்ட் லூக்கா வெளியிட்ட ஹனோய் கோபுரப் புதிரில், 64 தட்டுகளை மாற்றத் தேவையான குறைந்தபட்ச நகர்வுகளும் இதே எண்ணிக்கை. நொடிக்கு ஒரு நகர்வு என்றால் ஏறத்தாழ 58,454 கோடி ஆண்டுகள் ஆகும். பிரபஞ்சத்தின் வயதே சுமார் 1,380 கோடி ஆண்டுதான்.

இனி காரணிப்படுத்துவோம்.

பள்ளியில் படித்த அ² − ஆ² = (அ − ஆ)(அ + ஆ) போதும். 2⁶⁴ − 1 என்பது (2³²)² − 1². ஆகவே அது (2³² − 1)(2³² + 1). இடப்பக்கத்தில் உள்ள 2³² − 1 மறுபடியும் அதே வடிவம்; அதையும் உடைக்கலாம். 32, 16, 8, 4, 2, 1 என்று அடுக்கு பாதி பாதியாகக் குறைந்துகொண்டே வரும். 64 ஆனது 2-இன் அடுக்காக இருப்பதால் இந்த உடைப்பு நடுவில் எங்கும் தடைபடாமல் கடைசி வரை ஓடுகிறது. முடிவில் கிடைப்பது:

(2 + 1)(2² + 1)(2⁴ + 1)(2⁸ + 1)(2¹⁶ + 1)(2³² + 1)
= 3 × 5 × 17 × 257 × 65537 × 4294967297

இந்த ஆறும் ஃபெர்மா எண்கள், அதாவது 2-ஐ 1, 2, 4, 8 என்ற 2-இன் அடுக்குகளுக்கு உயர்த்தி 1 கூட்டினால் வருபவை. ஃபெ₀ முதல் ஃபெ₅ வரை என்று குறிப்போம். நம் எண் அந்த ஆறின் பெருக்குத்தொகை. அடுத்த ஃபெர்மா எண்ணான ஃபெ₆ என்பது 2⁶⁴ + 1. அதிலிருந்து 2 குறைத்தாலும் நம் எண்ணே வரும். இதிலிருந்து ஒரு பயன் கிடைக்கிறது. எந்த இரண்டு ஃபெர்மா எண்களுக்கும் பொதுக் காரணி இருந்தால், பெரியதையும் அதற்கு முந்தையவற்றின் பெருக்குத்தொகையையும் அது வகுக்க வேண்டும். ஆகவே அவற்றின் வித்தியாசமான 2-ஐயும் வகுக்க வேண்டும். ஆனால் ஃபெர்மா எண்கள் எல்லாமே ஒற்றைப்படை. எனவே பொதுக் காரணி 1 மட்டும்தான். மேலே உள்ள ஆறிலும் ஒன்றில் வந்த பகாக் காரணி இன்னொன்றில் வராது என்பதை இப்போதே எழுதி வைத்துக்கொள்ளலாம்.

1640-இல் ஃபெர்மா இந்த வடிவத்தில் உள்ள எண்கள் எல்லாமே பகா எண்கள் என்று நம்பினார். 3, 5, 17, 257, 65537 வரை அது சரி. 4294967297-இல் அது உடைந்தது. 1732-இல் ஆய்லர் அதை 641 வகுக்கும் என்று காட்டினார்.

641 சரியாக வகுக்கிறதா என்று நீள்வகுத்தல் போட்டுப் பார்க்கலாம். அதைவிட அழகான வழி ஒன்று உண்டு. 641-ஐ இரண்டு விதமாக எழுதலாம்: 5 × 2⁷ + 1, மேலும் 5⁴ + 2⁴. முதலாவதன்படி, 641-ஆல் வகுக்கும்போது 5 × 2⁷-இன் மீதி −1. நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸-இன் மீதி 1. இரண்டாவதன்படி 5⁴-க்குப் பதில் −2⁴ என்று போடலாம். அப்போது −2³²-இன் மீதி 1. அதாவது 2³² + 1-ஐ 641 மீதியின்றி வகுக்கும். எங்கும் பெரிய எண்ணைத் தொடவே இல்லை.

ஆனால் 641 என்ற எண்ணைத் தேடிப் பிடிப்பது எப்படி? இதுதான் பலரும் கேட்காமல் விடும் கேள்வி. 3, 7, 11, 13 என்று வரிசையாக வகுத்துக்கொண்டே போனால் 641-ஐ அடைவதற்குள் நூறு பகா எண்களுக்கு மேல் தாண்ட வேண்டும். அது தேவையில்லை.

ஒரு பகா எண்ணால் வகுக்கும்போது 2, 4, 8, 16 என்ற அடுக்குகளின் மீதிகள் சுழற்சியாக வரும். 7-க்கு 2, 4, 1 என்று மூன்றில் முடியும். 11-க்குச் சுழற்சி நீளம் 10; 13-க்கு 12. 2⁶⁴-இன் மீதி 1 ஆக வேண்டுமானால் சுழற்சி நீளம் 64-ஐ வகுக்க வேண்டும். 3, 10, 12 எதுவும் 64-ஐ வகுக்காது. அதனால் 7, 11, 13 மூன்றும் நம் எண்ணுக்குக் காரணிகள் ஆகவே முடியாது. வகுத்துப் பார்க்கத் தேவையே இல்லை. 2³² + 1-இன் காரணி என்றால் கட்டுப்பாடு இன்னும் இறுக்கம்: 2³²-இன் மீதி −1 என்பதால் சுழற்சி நீளம் சரியாக 64. சுழற்சி நீளம் எப்போதும் பகா எண்ணிலிருந்து 1 குறைத்த எண்ணை வகுக்கும். ஆகவே காரணி 64க + 1 என்ற வடிவில் இருக்க வேண்டும்.

லூக்கா 1878-இல் இதை மேலும் நெருக்கினார். 64க + 1 வடிவப் பகா எண்ணுக்கு 2 ஒரு வர்க்க மீதி. அதாவது வர்க்கப்படுத்தினால் மீதி 2 தரும் ஓர் எண் இருக்கும். அந்த எண்ணின் சுழற்சி நீளம் 128. ஆகவே காரணி 128க + 1 வடிவில்தான் வரும். இப்போது பட்டியல் போடுங்கள்: 129, 257, 385, 513, 641. இதில் 129, 385, 513 மூன்றும் பகு எண்கள். 257 என்பது ஃபெ₃. அது ஃபெ₅-ஐ வகுக்காது என்று மேலே பார்த்தோம். ஆக, முதன்முதலாக வகுத்துப் பார்க்க வேண்டிய எண்ணே 641.

4294967297 ÷ 641 = 6700417. இதுவும் பகா எண் என்று காட்ட வேண்டும். இந்த எண்ணின் வர்க்கமூலம் 2588-ஐச் சற்றுத் தாண்டும். அதற்குக் கீழ் 128க + 1 வடிவில் இருபது எண்கள்தான் உண்டு. அவற்றில் பகா எண்கள் 257, 641, 769, 1153, 1409 ஆகிய ஐந்து மட்டும். 6700417-ஐ இவற்றால் வகுத்தால் மீதிகள் முறையே 170, 44, 120, 334, 622. எதுவும் பூஜ்ஜியம் இல்லை. வேலை முடிந்தது. 65537-க்கு இதைவிடச் சுலபம்: காரணி 64க + 1 வடிவில் 256-க்குக் கீழே இருக்க வேண்டும், 65, 129, 193 மட்டுமே உண்டு, அதில் பகா எண் 193 மட்டும், வகுத்தால் மீதி 110.

சிலர் பகாத் தன்மையைச் சோதிக்க ஃபெர்மாவின் சிறு தேற்றத்தை 2-ஐ அடியாக வைத்துப் பயன்படுத்துவார்கள். ப என்பது ஒற்றைப்படைப் பகா எண் என்றால் 2-இன் (ப − 1)-ஆம் அடுக்கை ப-ஆல் வகுக்கும்போது மீதி 1 வரும் என்பதே அது. இந்த இடத்தில் அது ஏமாற்றிவிடும். 4294967297-க்கு 2-இன் சுழற்சி நீளம் 64. 4294967296-ஐ 64 வகுக்கும். ஆகவே சோதனையில் மீதி 1 வந்து "பகாவாக இருக்கலாம்" என்று சொல்லும். ஃபெர்மா எண்கள் எல்லாமே இந்தச் சோதனையில் தேறிவிடும், பகா ஆனாலும் பகு ஆனாலும். அடியை 3 என்று வைத்துச் சோதிப்பதே சரி. 1877-இல் பெபான் கொடுத்த சோதனை அதைத்தான் செய்கிறது.

காரணிகள் கையில் வந்துவிட்டால் மற்ற பண்புகள் வரிசையாக வரும். ஏழு வெவ்வேறு பகா எண்கள், ஒவ்வொன்றும் ஒரே ஒரு முறை. ஆகவே வகுத்திகளின் எண்ணிக்கை 2⁷ = 128. எந்த வர்க்க எண்ணும் (1 தவிர) இதை வகுக்காது. வகுத்திகளின் கூட்டுத்தொகையை எண்ணால் வகுத்தால் சுமார் 1.703, 2-க்குக் குறைவு என்பதால் இது குறைவெண். 128 வகுத்திகளும் ஒற்றைப்படை என்பதால் இதை இரண்டு வர்க்கங்களின் வித்தியாசமாக 64 விதங்களில் எழுதலாம். அடுத்தடுத்த இயல் எண்களின் கூட்டலாக 127 விதங்களில் எழுதலாம்.

ஆய்லர் சார்பு, அதாவது இந்த எண்ணைவிடச் சிறியதாகவும் இதனுடன் பொதுக் காரணி இல்லாததாகவும் உள்ள எண்களின் எண்ணிக்கை, கவனிக்கத்தக்கது. ஒவ்வொரு பகாக் காரணியிலிருந்தும் 1 குறைத்துப் பெருக்க வேண்டும்:

2 × 4 × 16 × 256 × 640 × 65536 × 6700416 = 9208981628670443520

ஃபெர்மா நினைத்தபடி 4294967297 பகா எண்ணாக இருந்திருந்தால் விடை துல்லியமாக 2⁶³, அதாவது 9223372036854775808 ஆகியிருக்கும். நிரல் எழுதுபவர்கள் விடும் தவறும் இதுதான்: ஆறு ஃபெர்மா எண்களோடு நிறுத்திவிட்டு, ஆறையும் பகா என்று எடுத்துக்கொள்வது. விடை 2-இன் முழு அடுக்காக வந்தால் எங்கே தவறு என்று உடனே தெரிந்துகொள்ளலாம்.

வடிவியலிலும் இதே 641 குறுக்கே நிற்கிறது. அளவுகோலும் கவராயமும் கொண்டு ஒழுங்குப் பலகோணம் வரைய முடிவது எப்போது என்பதற்கான நிபந்தனையைக் காஸ் கொடுத்தார். 1796-இல் பதினேழு பக்கப் பலகோணத்தில் தொடங்கினார். அந்த நிபந்தனை தேவையானதும்கூட என்று 1837-இல் வான்ட்செல் நிறுவினார். பக்க எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால், அது வெவ்வேறு ஃபெர்மா பகா எண்களின் பெருக்குத்தொகையாக இருக்க வேண்டும். தெரிந்த ஃபெர்மா பகா எண்கள் ஐந்துதான். ஃபெ₅ முதல் ஃபெ₃₂ வரை எல்லாம் பகு எண்கள் என்று நிறுவப்பட்டுள்ளது. அந்த ஐந்தின் பெருக்குத்தொகை 2³² − 1 = 4294967295. வரைய முடியும் என்று தெரிந்த ஒற்றைப்படைப் பலகோணங்களில் பக்கங்கள் மிகுந்தது அதுதான். 18446744073709551615 பக்கப் பலகோணத்தை வரைய முடியாது, ஏனெனில் 641 ஃபெர்மா பகா எண் இல்லை. (65537 பக்கப் பலகோணத்துக்கான செய்முறையை ஹெர்மஸ் பத்தாண்டு உழைத்து எழுதினார், அந்தக் கையெழுத்துப் படி கோட்டிங்கனில் இருக்கிறது. கணிதத்தில் பொறுமைக்குப் பரிசு கொடுத்தால் அவருக்குத்தான்.)

பாஸ்கல் முக்கோணத்திலும் நம் எண் ஒளிந்திருக்கிறது. ஒவ்வொரு வரிசையிலும் ஒற்றைப்படை எண்ணுக்கு 1, இரட்டைப்படைக்கு 0 என்று போட்டு அதை இரும எண்ணாக வாசியுங்கள். 1, 3, 5, 15, 17, 51, 85, 255, 257 என்று வரும். எல்லாமே வெவ்வேறு ஃபெர்மா எண்களின் பெருக்குத்தொகைகள். உச்சியைப் பூஜ்ஜியமாவது வரிசை என்று எண்ணினால் 31-ஆவது வரிசை 4294967295. 63-ஆவது வரிசையில் உள்ள 64 எண்களும் ஒற்றைப்படை; ஆகவே 64 ஒன்றுகள்; நம் எண்.

அடுத்து வர்க்கங்கள். கடைசி மூன்று இலக்கங்கள் 615. 8-ஆல் வகுத்தால் மீதி 7. எந்த வர்க்கத்தையும் 8-ஆல் வகுத்தால் மீதி 0, 1, 4 இவற்றில் ஒன்றுதான். மூன்று வர்க்கங்களைக் கூட்டி மீதி 7 கொண்டுவர முடியாது. எனவே இரண்டு வர்க்கங்களின் கூட்டலாகவோ மூன்றின் கூட்டலாகவோ இதை எழுதவே முடியாது. நான்கு போதும் என்று லக்ராஞ்சியின் தேற்றம் உறுதி சொல்கிறது. தேற்றம் உறுதி மட்டும்தான் சொல்லும், நான்கையும் நாம்தான் தேட வேண்டும். இப்படிச் செய்யலாம்:

மிகப் பெரிய வர்க்கத்தை முதலில் கழியுங்கள். 4294967295²-ஐக் கழித்தால் மிச்சம் 2³³ − 2 = 8589934590. அதிலிருந்து பொருந்தும் மிகப் பெரிய வர்க்கம் 92681² = 8589767761. மிச்சம் 166829. இதைக் காரணிப்படுத்தினால் 13 × 41 × 313. மூன்றுமே 4-ஆல் வகுத்தால் மீதி 1 தருபவை. ஆகவே இது இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுதக்கூடியது. 13 = 2² + 3², 41 = 4² + 5², 313 = 12² + 13² என்று வைத்து, (அ² + ஆ²)(இ² + ஈ²) = (அஇ − ஆஈ)² + (அஈ + ஆஇ)² என்ற சூத்திரத்தை இரண்டு முறை போட்டால் 370² + 173² வரும். ஆக:

18446744073709551615 = 4294967295² + 92681² + 370² + 173²

இரண்டாவது வர்க்கத்தைக் கழித்த பிறகு மிச்சம் ஒத்துவராமல் போயிருந்தால் 92680, 92679 என்று ஒவ்வொன்றாக இறங்கிப் பார்த்திருக்க வேண்டும். இங்கே முதல் முயற்சியிலேயே கைகூடியது தற்செயல்தான்.

இது முக்கோண எண்ணா? அதாவது 1 + 2 + 3 + … என்று கூட்டி இந்த எண்ணை அடைய முடியுமா? முக்கோண எண்ணை 8-ஆல் பெருக்கி 1 கூட்டினால் முழு வர்க்கம் வர வேண்டும். நம் எண்ணுக்கு அது 2⁶⁷ − 7. இங்கேதான் ராமானுஜன் வருகிறார். 2-இன் எந்த அடுக்கிலிருந்து 7 கழித்தால் முழு வர்க்கம் கிடைக்கும் என்ற கேள்வியை அவர் 1913-இல் எழுப்பினார். 3, 4, 5, 7, 15 ஆகிய அடுக்குகளுக்கு மட்டுமே என்பது அவர் ஊகம். 1948-இல் நார்வேயின் நாகெல் அதை நிறுவினார். 67 அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே நம் எண் முக்கோண எண் இல்லை. 2-இன் அடுக்கிலிருந்து 1 குறைத்த எண்களில் முக்கோண எண்ணாக இருப்பவை 0, 1, 3, 15, 4095 மட்டும்தான். (இந்த ஓர் எண்ணுக்கு மட்டும் விடை வேண்டுமென்றால் 2⁶⁷ − 7-இன் வர்க்கமூலத்தை எடுத்துப் பார்த்தாலே போதும், தேற்றம் எல்லாவற்றுக்கும் ஒரேயடியாக விடை சொல்லிவிடுகிறது.)

கணினியில் இந்த எண் ஏன் இவ்வளவு வருகிறது என்றால், 64 பிட்டுகளில் எழுதக்கூடிய மிகப் பெரிய குறியில்லா முழு எண் இது. இருமத்தில் 64 ஒன்றுகள். பதினாறடிமானத்தில் பதினாறு எஃப். எட்டடிமானத்தில் மட்டும் ஒரு 1-ஐத் தொடர்ந்து இருபத்தோரு 7. 64 மூன்றால் வகுபடாததால் முதல் இலக்கம் குறையாக நிற்கிறது.

காரணிகளுக்கும் பிட் வடிவங்களுக்கும் உள்ள உறவு நடைமுறையில் மிகவும் பயன்படுவது. நம் எண்ணை 3-ஆல் வகுத்தால் 6148914691236517205. இருமத்தில் 01 01 01 என்று 32 முறை. 5-ஆல் வகுத்தால் 3689348814741910323. 0011 பதினாறு முறை. 17-ஆல் வகுத்தால் 1085102592571150095. நான்கு பூஜ்ஜியமும் நான்கு ஒன்றுமாக எட்டு முறை. 255-ஆல் வகுத்தால் 72340172838076673. ஒவ்வொரு பைட்டிலும் கடைசி பிட் மட்டும் 1. ஓர் எண்ணில் எத்தனை பிட்டுகள் 1 என்று வேகமாக எண்ணும் பிரபலமான நிரல்துண்டில் வரும் நான்கு மாறிலிகளும் இவைதான். அவற்றை மனப்பாடம் செய்பவர்கள் உண்டு. நம் எண்ணை 3, 5, 17, 255 ஆகியவற்றால் வகுத்தால் வருபவை என்று நினைவு வைத்தால் போதும். சதுரங்க நிரல்கள் 64 கட்டங்களை 64 பிட்டுகளாக வைத்துக்கொள்வதால் அங்கே 72340172838076673 என்பது ஒரு முழு நெடுவரிசையைக் குறிக்கும்.

சமவாய்ப்பு எண்களை உருவாக்கும் 64 பிட் நகர்வுப் பதிவேடுகள் (ஒவ்வொரு படியிலும் பிட்டுகளை ஓரிடம் தள்ளிப் புதிய பிட்டைச் சேர்ப்பவை), அவற்றின் உறவினரான எக்ஸார்ஷிஃப்ட் வகை நிரல்கள் ஆகியவற்றின் அதிகபட்சச் சுழற்சி நீளமும் இந்த எண்தான். எல்லாம் பூஜ்ஜியம் என்ற ஒரு நிலை மட்டும் விலக்கு; அதில் தொடங்கினால் பூஜ்ஜியத்திலேயே உட்கார்ந்துவிடும். நீங்கள் வடிவமைத்த பதிவேடு முழுச் சுழற்சி நீளத்தைத் தருகிறதா என்று சோதிக்க 2⁶⁴ படிகளை ஓட்டிப் பார்க்க முடியாது. முறை இது: ஒரு படியில் பிட்டுகள் மாறும் விதத்தைக் குறிக்கும் மாற்ற அணியை 18446744073709551615 என்ற அடுக்குக்கு உயர்த்தினால் அலகு அணி வர வேண்டும், இந்த எண்ணை ஏழு பகாக் காரணிகளால் தனித்தனியாக வகுத்துவரும் ஏழு அடுக்குகளில் எதற்கும் அலகு அணி வரக்கூடாது. 3, 5, 17-க்கான மூன்று ஈவுகள் மேலே உள்ளன. 257-க்கு 71777214294589695, 641-க்கு 28778071877862015, 65537-க்கு 281470681808895, 6700417-க்கு 2753074036095. மீண்டும் மீண்டும் வர்க்கப்படுத்தும் முறையில் ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் நூறு சொச்சம் அணிப் பெருக்கல்தான்.

இங்கே 4294967297-ஐப் பகா என்று எடுத்துக்கொண்டவர் 4294967295 என்ற அடுக்கை மட்டும் சோதித்துவிட்டுப் போய்விடுவார். உண்மையான சுழற்சி நீளம் 28778071877862015 ஆக, அதாவது 641-இல் ஒரு பங்காக இருந்தாலும் அந்தச் சோதனையில் அது பிடிபடாது. ஒவ்வொரு நகர்வுப் பதிவேட்டையும் ஒரு பல்லுறுப்புக் கோவை தீர்மானிக்கிறது. இப்படி முழுச் சுழற்சி நீளம் தரும் 64 படிப் பல்லுறுப்புக் கோவைகள் மொத்தம் 143890337947975680. ஆய்லர் சார்பின் மதிப்பை 64-ஆல் வகுத்தது.

கணினியில் இந்த எண்ணைக் கையாளும்போது என்ன கெட்டுப்போகும் என்பதையும் சொல்ல வேண்டும், ஏனெனில் தவறான காரணிப் பட்டியலுடன் வருபவர்களில் பலர் காரணிப்படுத்துவதற்கு முன்பே எண்ணைத் தொலைத்தவர்கள்.

எக்செல் பதினைந்து இலக்கம் வரைதான் காப்பாற்றும். இந்த எண்ணைத் தட்டச்சு செய்தால் 18446744073709500000 என்று மாறிவிடும். அதைக் காரணிப்படுத்தினால் 2-உம் 5-உம் குவியலாக வரும். ஜாவாஸ்கிரிப்டில் சாதாரண எண்ணாக வைத்தால் 18446744073709552000 என்று அச்சாகும். காரணம், 64 பிட் மிதவைப்புள்ளி எண்ணில் 53 பிட் துல்லியம்தான் உண்டு. 2⁶⁴-க்குச் சற்றுக் கீழே அது காட்டக்கூடிய எண்களுக்கு இடையிலான இடைவெளி 2048. நம் எண் அந்த இடைவெளிக்குள் விழுந்து, பக்கத்தில் இருக்கும் 2⁶⁴-ஆக உருண்டுவிடுகிறது. ஆகவே முதலில் பார்க்க வேண்டியது கடைசி மூன்று இலக்கம் 615 ஆக இருக்கிறதா என்று. இரட்டைப்படையில் முடிந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். இலக்கங்களின் கூட்டுத்தொகை 87 என்பதும் ஒரு சரிபார்ப்பு: 3 வகுக்கும், 9 வகுக்காது. பைதானில் முழு எண்ணாகவே வைத்திருக்கும் வரை சிக்கல் இல்லை. ஒற்றைச் சாய்கோடு போட்டு வகுத்தால் மிதவைப்புள்ளிக்குப் போய்விடும், இரட்டைச் சாய்கோடு போட வேண்டும்.

சி மொழியில் 1-ஐ 64 இடம் இடப்பக்கம் நகர்த்தி 1 கழித்து இந்த எண்ணைப் பெற முயல்வது பழைய பொறி. 64 பிட் எண்ணை 64 இடம் நகர்த்துவதற்கு அந்த மொழியில் வரையறையே இல்லை. பல செயலிகள் நகர்வு அளவின் கடைசி ஆறு பிட்டுகளை மட்டும் பார்ப்பதால் நகராமலே இருந்து, விடை 0 என்று வந்துவிடும். குறியில்லாப் பூஜ்ஜியத்தின் எல்லாப் பிட்டுகளையும் புரட்டிப் போடுவதே பாதுகாப்பு. மாறாக, ஏதோ ஒரு பதிவில் 18446744073709551615 என்ற அளவோ எண்ணிக்கையோ தென்பட்டால், பெரும்பாலும் அது −1 என்ற பிழைக்குறியீட்டைக் குறியில்லா எண்ணாக வாசித்ததன் விளைவு. பூஜ்ஜியத்திலிருந்து 1 கழித்தாலும் இதே வரும்.

அக்கம்பக்கத்து எண்களையும் ஒரு பார்வை பார்க்கலாம். குறியுள்ள 64 பிட் எண்ணின் உச்சவரம்பு 2⁶³ − 1 = 9223372036854775807. அதன் காரணிகள் 7² × 73 × 127 × 337 × 92737 × 649657. 63 ஒற்றைப்படை என்பதால் காரணிகளில் ஃபெர்மா எண் ஒன்றுகூட இல்லை. 7 இரண்டு முறை வந்துவிட்டது. நம் எண்ணுக்கு இரண்டு மேலே இருக்கும் 2⁶⁴ + 1 என்ற ஃபெ₆ = 274177 × 67280421310721. 1880-இல் லாண்ட்ரி என்ற பிரெஞ்சுக்காரர் தம் 82-ஆம் வயதில் இதை வெளியிட்டார். 256க + 1 வடிவத்தில் தேடினால் 274177 என்பது 1071-ஆவது எண். ஆகவே கையால் அடைவது கடினம், ஆனால் முடியாததல்ல. ஹாஷ் அட்டவணைக்கோ மட்டுக் கணக்குக்கோ 64 பிட்டில் அடங்கும் மிகப் பெரிய பகா எண் தேவைப்பட்டால் அது நம் எண்ணிலிருந்து 58 குறைவு: 18446744073709551557, அதாவது 2⁶⁴ − 59. இதைப் பயன்படுத்தும்போது பெருக்கலின் இடைவிடைக்கு 128 பிட் ஒதுக்க மறக்க வேண்டாம்.